ஏழரை மணி

உங்கள் மணிக்கட்டில் வாட்ச் இருக்கிறதா? ஆண்கள் அதை அங்கே கட்டிக்கொள்ள ஆரம்பித்ததற்கு யுத்தம் ஒரு முக்கியக் காரணம் என்றால் நம்புவீர்களா?

நூறு வருடங்களுக்குச் சற்று முன்பு, பிரிட்டனில் கைக்கடிகாரம் என்பது பெண்கள் சமாசாரம். வளையல் மாதிரி. மீசைக்கார கனவான்களுக்குப் பையில் சங்கிலியோடு தொங்குவதுதான் கௌரவம். 1899-ல் தென்னாப்பிரிக்காவில் போயர் யுத்தம் வந்தபோது அந்த கௌரவம் கொஞ்சம் ஆட்டம் கண்டது. ஒரு கையில் கடிவாளம், மறு கையில் துப்பாக்கி. கடிகாரத்தைப் பல்லாலா எடுப்பது? தோல் பட்டையில் கிண்ணம் மாதிரி தைத்து, பாக்கெட் வாட்சை அதில் திணித்துக் கையில் கட்டிக்கொண்டார்கள்.

முதல் உலகப் போரில் அது உயிர்ப் பிரச்னையாகவே ஆகிவிட்டது. பீரங்கிகள் ரொம்பப் பின்னால், சிப்பாய்கள் முன்னால். நடுவே உள்ள டெலிபோன் ஒயர், குண்டு விழுந்தால் அறுந்துபோகும். வயர்லெஸ்ஸோ தூக்கிக்கொண்டு ஓடுகிற அளவுக்கு இன்னும் சின்னதாகவில்லை. ஆக, இருவருக்கும் இடையே இருந்த ஒரே ஒப்பந்தம், மணி! 'இத்தனை மணிக்குக் குண்டு மழையை அடுத்த வரிசைக்கு நகர்த்துவோம், நீங்கள் கிளம்புங்கள்.' முந்தினால் சொந்தக் குண்டு தலையில் விழும். பிந்தினால் எதிரியின் மெஷின்கன். தாக்குதலுக்கு முன்னால் எல்லாருடைய கடிகாரத்தையும் ஒரே நேரத்துக்குத் திருத்தி வைப்பார்கள். 1916-ல் அதிகாரிகளுக்காக வந்த ஒரு கையேட்டில், போர்முனைச் சாமான் பட்டியலின் முதல் அயிட்டம் என்ன தெரியுமா? இருட்டில் ஒளிரும், கண்ணாடி உடையாத கைக்கடிகாரம். துப்பாக்கி அதற்கு அடுத்ததுதான்!

அதே 1916, ஜூலை 1. பிரான்ஸில் சொம் ஆற்றங்கரை. காலை ஏழரை மணிக்குத் தாக்குதல். (நம்ம ஊர் ஆளாக இருந்தால் 'ஏழரை' என்றதுமே யோசித்திருப்பார்!) ஹாதார்ன் மேட்டுக்கு அடியில் சுரங்கம் தோண்டி, சுமார் 18 டன் வெடிமருந்தை பிரிட்டிஷார் அடைத்து வைத்திருந்தார்கள். அதை எப்போது வெடிப்பது? அந்தப் பகுதித் தளபதி ஹண்டர்-வெஸ்டன் பல மணி நேரம் முன்னதாகவே வெடிக்க ஆசைப்பட்டார். மேலிடம் ஒப்பவில்லை. கடைசியில் சமரசமாக 7.20.

பத்து நிமிடம்! மேடு வானத்துக்குப் பறந்தது. கூடவே அங்கே கனரக பீரங்கிகளும் குறியைப் பின்வரிசைக்கு மாற்றிவிட்டன. ஆழமான பதுங்கு அறைகளில் இருந்த ஜெர்மானியர்களுக்கு இதைவிடத் தெளிவாகத் தந்தி கொடுக்க முடியாது. ஏறி வந்து மெஷின்கன்களை நிறுத்திக்கொண்டு காத்திருந்தார்கள். 7.30-க்கு விசில் ஊத, வரிசையாக எழுந்து போனார்கள் சிப்பாய்கள். சொம் முனை முழுவதிலும் அன்று ஒரே நாளில் 19,240 பிரிட்டிஷ் வீரர்கள் இறந்தார்கள். காயம்பட்டவர், காணாமல் போனவரைச் சேர்த்தால் 57,470. கடிகாரங்களைக் குற்றம் சொல்ல முடியாது. அவை ஒழுங்காகத்தான் ஓடின.

அடுத்த உலகப் போரில் ராணுவமே தனக்கென்று கடிகாரத்துக்கு விதிமுறை எழுதியது. கறுப்பு முகம், ஒளிரும் முட்கள், அரசாங்கச் சொத்து என்று காட்டும் அம்புக்குறி. முதுகில் 'டபிள்யூ. டபிள்யூ. டபிள்யூ.' இன்டர்நெட் இல்லை சார்... 'வாட்ச், ரிஸ்ட், வாட்டர்ப்ரூஃப்'! தேவையான அளவுக்குச் செய்ய பிரிட்டனில் தொழிற்சாலை இல்லை. ஒமேகா, லாஞ்சின்ஸ் உட்பட 12 ஸ்விஸ் கம்பெனிகளிடம் போனார்கள்.

வந்து சேர்ந்தது 1945-ல். ஜெர்மனி சரணடைந்த வருடம்! இன்று சேகரிப்பாளர்கள் அந்தப் பன்னிரண்டையும் 'டர்ட்டி டஸன்' என்று செல்லமாகக் கூப்பிட்டு, ஒரு செட் சேர்க்க அலைகிறார்கள். பதினொன்று கிடைத்தாலும், 'கிரானா' மட்டும் லேசில் சிக்குவதில்லை.