ஒரே எஃகு, வேறுவேறு எண்கள்

1943 ஜனவரி 16. அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில், 'ஸ்கெனெக்டடி' என்ற புத்தம்புதிய எண்ணெய்க் கப்பல் துறையில் கட்டியிருந்தபடியே இரண்டாகப் பிளந்தது. புயல் இல்லை, அலை இல்லை. குளிர் மட்டும் இருந்தது. பழி முதலில் வெல்டிங் மேல்தான் விழுந்தது. போர்க்காலத்தில் இப்படி உடைந்த கப்பல்களின் தகடுகளை ஆராய்ந்த கேம்பிரிட்ஜின் கான்ஸ்டன்ஸ் டிப்பர், கோளாறு எஃகிலேயே இருப்பதைக் காட்டினார். குளிர் ஓர் அளவைத் தாண்டினால், வளைந்து கொடுக்கவேண்டிய எஃகு கண்ணாடிபோல் பிளக்கிறது. வெல்டிங் இருந்ததால் விரிசல் நிற்காமல் தகடு விட்டுத் தகடு ஓடியது, அவ்வளவுதான்.

சோதனைக்கூடத்தில் நான் பழகியது, எஃகுத் துண்டைச் சுத்தியலால் அடித்து, அது உடைய எவ்வளவு ஆற்றல் பிடித்தது என்று எண்ணில் காட்டும் சார்பி எந்திரத்தோடு. 10 மி.மீ. சதுரத் துண்டு, நடுவே 2 மி.மீ. ஆழத்தில் ஒரு வெட்டு. குளிர்ந்த ஆல்கஹாலில் ஊறவைத்து, இடுக்கியால் எடுத்து, 5 விநாடிக்குள் சுத்தியலை விட்டுவிட வேண்டும். உடைந்த முகம் மங்கிய சாம்பல் நிறத்தில் நார்நாராக இருந்தால் எஃகு போராடி அறுந்திருக்கிறது. மணிமணியாக மினுங்கினால் சட்டென்று பிளந்திருக்கிறது. இரண்டும் கலக்கும் வெப்பநிலையில்தான் தலைவலி. ஒரே தகட்டில் அறுத்த துண்டுகள், ஒரே குளிர். ஆனால் ஒன்றின் எண் மற்றதைப்போல் இரண்டு மடங்கு! "எந்திரத்தைப் பாருங்கள்" என்பார்கள். சராசரி எடுத்து எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போவோம். அந்தச் சராசரிக்குள் எத்தனை உண்மை புதைந்தது என்பதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

உண்மையில் எண்களின் இந்தச் சிதறல் எந்திரத்தின் பிழையல்ல, எஃகின் குணம். உள்ளே கார்பைடு துகள்கள் ஒழுங்கின்றிப் பரவிக் கிடக்கின்றன. விரிசல் முனைக்குப் பக்கத்தில் பெரிய துகள் வாய்த்த துண்டு சீக்கிரம் போகும், வாய்க்காதது தாங்கும். பலவீனமான ஓரிடம் முழுப் பொருளின் கதியையும் முடிவுசெய்கிறது என்ற நிகழ்தகவுக் கணக்கை ஸ்வீடனின் வலோடி வைபுல் 1939லேயே எழுதியிருந்தார். 1980களில் பின்லாந்தின் கிம் வாலின் அதை விரிசலுள்ள எஃகுக்குப் பொருத்தினார். ஃபெரைட் வகை எஃகுகளில் சிதறலின் வடிவம் ஒன்றே, வைபுல் கணக்கின் அடுக்கு 4 என்றார். 25 மி.மீ. தடிமன் துண்டுகள் விரிசலைத் தாங்கும் திறனின் நடுமதிப்பு 100 மெகாபாஸ்கல் ரூட் மீட்டராக இருக்கும் வெப்பநிலையைக் கண்டுபிடித்துவிட்டால் போதும், அந்தத் திறன் வெப்பநிலையோடு மாறும் வளைகோடு முழுவதும் கைக்கு வந்துவிடும். தடிமனை நான்கு மடங்காக்கினால், அதே வெப்பநிலையில் அந்த 100 ஏறத்தாழ 77 ஆகிவிடும்; விரிசல் முனை நீள நீள, கெட்ட துகள் எதிர்ப்படும் வாய்ப்பும் கூடுகிறதல்லவா? 1997ல் இந்த முறை இ1921 என்ற அமெரிக்கத் தரமுறையானது.

அணு உலைக் கலனுக்கு இது உயிர்ப் பிரச்சினை. நியூட்ரான் பட்டுப்பட்டு, நடுமதிப்பு 100 ஆகும் அந்த வெப்பநிலை ஆண்டுதோறும் மேலேறும். அதைக் கண்காணிக்க, கலனின் எஃகிலேயே செய்து உலைக்குள் வைத்த சாட்சித் துண்டுகளோ கொஞ்சம். தடிமனுக்கான கணக்கு கையில் இருப்பதால், இப்போது உடைந்த சார்பி பாதிகளிலிருந்தே 4 மி.மீ. தடிமனில் குட்டித் துண்டுகள் அறுத்து மறுபடி சோதிக்கிறார்கள்.