நீ எந்தத் தெரும்மா?

சேத்தியாத்தோப்பு ஒரு கூட்டுரோட்டு ஊர். ஒரு பக்கம் சிதம்பரம், இன்னொரு பக்கம் விருத்தாசலம். வடக்கே வடலூர், தெற்கே கும்பகோணம். கரும்பு லாரிகளும் பேருந்துகளும் போய்க்கொண்டே இருக்கும் இந்த ஊரில் 108 வண்டியின் சைரன் கேட்டு யாரும் நின்று பார்ப்பதில்லை. அந்த வண்டியின் பின்பகுதியில் நோயாளியோடு உட்கார்ந்திருப்பவர் பல நேரங்களில் ஓர் இளம்பெண் என்பதை, என் பழைய மாணவி ஒருத்தி அந்த வேலைக்குப் போகும்வரை நானும் யோசித்ததில்லை.

அவள் பி.எஸ்சி. விலங்கியல். முதலிரண்டு ஆண்டு பொதுத்தமிழுக்கு என் வகுப்பில் இருந்தாள். பயிற்சி முடித்து வேலையில் சேர்ந்த முதல் இரவு, அவளுக்கு வந்த முதல் கேஸ் பிரசவ வலி. வெள்ளாற்றங்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து ஏற்றிக்கொண்டு சிதம்பரம் சாலையைப் பிடிப்பதற்குள் குழந்தையின் தலை தெரிந்துவிட்டது. வண்டியை ஓரங்கட்டச் சொல்லிவிட்டுக் கையுறையை மாட்டினாள். உடன் வந்த மாமியார் முதலில் கேட்டது, "உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" இல்லை என்றாள். அடுத்த கேள்வி: "நீ எந்தத் தெரும்மா?"

"நான் 108-லேருந்து வர்றேன்மா. அவங்க காலைப் பிடிச்சுக்குங்க" என்றாளாம்.

குழந்தை அழுதது. தாயையும் சேயையும் மருத்துவமனையில் ஒப்படைத்தாயிற்று. விடிந்து வீட்டுக்குப் போய்க் குளித்தவளுக்குச் சோற்றில் கை வைக்க முடியவில்லை. "ரத்தம் ஒண்ணும் பண்ணலம்மா. அந்தக் கேள்விதான் போகமாட்டேங்குது" என்றாள் என்னிடம். முதல் அழைப்பைப் பற்றிக் கேட்டால் பலரும் ரத்தத்தையும் மரணத்தையும் சொல்வார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அவளோ ஒரு கேள்வியைச் சொன்னாள்.

அந்தக் கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு. ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்பும் நள்ளிரவில் யாரோ யாரையோ எழுப்பிக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். தமிழ்க் கிராமங்களில் அப்படி எழுந்து வந்தவள் மருத்துவச்சி. பல ஊர்களில் அவள் நாவிதர் சமூகத்துப் பெண். அவள் எந்தத் தெரு என்பது ஊருக்கே தெரியும். யாரும் கேட்கத் தேவையில்லை. தொப்புள்கொடியை அறுக்க அவள் கை வேண்டும், ரத்தமும் நஞ்சுக்கொடியும் அவள் பொறுப்பு. வேலை முடிந்ததும் அவள் தீட்டு. கூலி, முறத்தில் நெல்லாகவோ பழைய புடவையாகவோ கொல்லைப்புறத்தில் கிடைக்கும். முதன்முதலாக ஓர் உயிரைக் கையில் ஏந்திய இரவு அவளுக்கு எப்படி இருந்தது என்பதை எந்த ஆவணமும் எழுதி வைக்கவில்லை.

ஆவணத்தில் ஏறிய முதல் அழைப்பு ஒன்று இருக்கிறது. அது நடந்தது திண்டிவனத்தில், 1890களின் தொடக்கத்தில். ராணிப்பேட்டையில் 1870இல் பிறந்த அமெரிக்கப் பெண் ஐடா ஸ்கடர், அப்போது தன் பெற்றோரிடம் வந்திருந்தார். ஒரே இரவில் மூன்று ஆண்கள், ஒருவர் பின் ஒருவராக வந்து அவரை அழைத்தார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றொருவரும் உயர்சாதி இந்து. மூவரின் மனைவியரும் பிரசவத்தில் தவித்துக்கொண்டிருந்தார்கள். தனக்கு மருத்துவம் தெரியாது, அப்பாதான் மருத்துவர் என்றார் ஐடா. அந்நிய ஆண் தொடக்கூடாது என்று மூவரும் திரும்பிப் போனார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள்.

அந்த இரவு ஐடாவை மருத்துவராக்கியது. அமெரிக்கா திரும்பி 1899இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1900இல் வேலூர் வந்தார். 1909 வாக்கில் காரில் கிராமங்களுக்குப் போய்ச் சாலையோரத்தில் சிகிச்சை தரத் தொடங்கினார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் திறந்தார். இன்றைய வேலூர் சி.எம்.சி.யின் வரலாற்றில் இந்த இரவு தவறாமல் இடம்பெறும்.

நான் வகுப்பில் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு இரண்டு கேள்விகள் கேட்பேன். இறந்த மூன்று பெண்களின் பெயர் என்ன? அந்த மூன்று வீடுகளிலும் அந்த நேரத்தில் யார் இருந்தார்கள்? கணவன்மார் மருத்துவர் வீட்டுக்கு ஓடியபோது அந்தப் பெண்கள் தனியாகக் கிடந்திருக்க மாட்டார்கள். ஒரு மருத்துவச்சி அங்கே இருந்திருக்க வேண்டும். தன்னால் முடிந்ததையெல்லாம் செய்து பார்த்திருக்க வேண்டும். விடியலில் பழியையும் சுமந்து போயிருக்க வேண்டும். போக முடியாமற்போன ஐடாவின் துயரம் வரலாறாயிற்று. போனவளின் துயரம் பதிவாகவில்லை.

ஹைதராபாத்தில் 2005இல் தொடங்கிய 108 சேவை, தமிழ்நாட்டுக்கு 2008 செப்டம்பர் 15 அன்று வந்தது. வண்டியை ஓட்டுபவர் பைலட். உடன் ஒரு மருத்துவ உதவியாளர். இருவருக்கும் 12 மணி நேர ஷிஃப்ட். அழைப்பவரின் சாதியையோ சம்பளத்தையோ கேட்காமல் வண்டி வாசலுக்கு வருகிறது என்பது சிறிய மாற்றமில்லை. தேனியைச் சேர்ந்த எம். வீரலட்சுமி 2020இல் தமிழ்நாட்டின் முதல் பெண் 108 ஓட்டுநராகப் பணியமர்த்தப்பட்டபோது நாளிதழ்கள் கொண்டாடின, கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அதே வண்டியின் பின்னால் ஆண்டுக்கணக்காகப் பெண்கள் குழந்தைகளை ஏந்திக்கொண்டிருந்தது செய்தியாகவில்லை. ஸ்டியரிங்கைப் பெண் பிடித்தால் சாதனை, நோயாளியைப் பிடித்தால் இயல்பு. சங்க அகப்பாடல்களில் வளர்ப்புத் தாயைக் குறித்த 'செவிலி' என்ற சொல்லை எடுத்து நர்ஸுக்குச் சூட்டினோம். கூடவே, இது தாய்மை, இதற்கு என்ன தனிக் கணக்கு என்ற எண்ணத்தையும் சேர்த்தே சூட்டிவிட்டோம்.

கணக்கு உண்டு என்று சொன்னவர்களும் இருக்கிறார்கள். 1983இல் அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷில்ட், விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து, வேலைக்காகத் தன் உணர்ச்சியை அடக்குவதும் காட்டுவதும் ஓர் உழைப்பே என்று எழுதினார். அதே 1983இல் தீயணைப்பிலும் ஆம்புலன்ஸிலும் வேலை பார்த்த ஜெஃப்ரி மிட்சல், கொடுமையான அழைப்புக்குப் பிறகு ஊழியர்கள் கூடிப் பேசும் முறை ஒன்றை முன்வைத்தார். ஒருமுறை உட்கார்ந்து பேசினால் தீர்ந்துவிடாது என்று பின்வந்த ஆய்வுகள் சொல்லின. ஆனாலும், வண்டியைக் கழுவியது போதாது, உள்ளே இருந்தவரையும் கவனிக்க வேண்டும் என்ற கோரிக்கை செல்லாததாகிவிடவில்லை.

என் மாணவி பூர்த்தி செய்த படிவத்தில் அழைப்பு வந்த நேரம், நாடித்துடிப்பு, ஒப்படைத்த நேரம் எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. அவளுக்குக் கட்டம் இல்லை. வண்டி நிற்கும் இடத்தில் பூட்டு உள்ள கழிப்பறை, கடினமான கேஸுக்குப் பின் ஒரு மணி நேர ஓய்வு, பேச ஒரு ஆள்: அவள் கேட்பது இவ்வளவுதான். இப்போது புதிதாகச் சேரும் பெண்களை முதல் இரவு முடிந்ததும் அவளே போனில் கூப்பிடுகிறாள். "சாப்பிட்டியா?" என்று தொடங்கி அரைமணி பேசுகிறாள். அந்த அரைமணிக்குச் சம்பளம் இல்லை.

இதைப் படிக்கும் மாணவிகளிடம் ஒன்று கேட்கிறேன். வீட்டில் உங்கள் பாட்டி இருந்தால், உங்கள் அம்மா பிறந்தபோது தொப்புள்கொடி அறுத்தது யார் என்று கேளுங்கள். முதலில் சாதிப் பெயர்தான் வரும். அதோடு விடாதீர்கள், அவள் பெயரைக் கேளுங்கள். தெரிந்தால் எழுதி வையுங்கள். தெரியவில்லை என்றால் அதையும் எழுதி வையுங்கள்.