ஃபோசான் நகரின் தொழில்மரபும் நான்ஃபெங் சூளையும்

தென்சீனத்தின் குவாங்டொங் மாகாணத்தில் முத்தாற்றுக் கழிமுகத்தை ஒட்டியமைந்த ஃபோசான், மிங், சிங் ஆட்சிக்காலங்களில் சீனத்தின் நான்கு பெரும் வணிக ஊர்களுள் ஒன்றாக எண்ணப்பட்டது. இரும்பு வார்ப்பும் மட்கலத் தொழிலும் அதன் வளத்திற்கு அடிப்படையாயின. இந்நகரின் ஷிவான் பகுதியிலுள்ள நான்ஃபெங் சூளை, மிங் பேரரசர் ஜெங்தே காலத்தில் (1506–1521) கட்டப்பட்டது. மேட்டுச் சரிவில் நீண்டு கிடப்பதால் இவ்வகையைச் சீனர் டிராகன் சூளை என்பர். கீழ்முனையில் மூட்டப்படும் தீ சரிவின்வழி மேலேறும். முதுகிலுள்ள துளைகளின் வழியே விறகு இடப்படும்.

ஷிவான் கலைஞர் வனைந்த வண்ணப்பூச்சுடைய உருவங்கள் ஃபோசான் மூதாதையர் கோயிலின் கூரை முகட்டை அணிசெய்கின்றன. புலம்பெயர்ந்த சீனர் எழுப்பிய தென்கிழக்காசியக் கோயில்களுக்கும் அவை சென்றன.

1978க்குப் பிந்தைய பொருளாதாரச் சீர்திருத்தம் ஃபோசானைத் தரையோடு, சுவரோடு ஆகியவற்றின் பெரும் உற்பத்தி மையமாக்கியது. புதிய ஆலைகளின் முன் விறகுச் சூளை தன் வணிகப் பயனை இழந்தது. எனினும் நான்ஃபெங் எரிதல் நிற்கவில்லை. 2001இல் அது தேசிய அளவில் பாதுகாக்கப்படும் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

கட்டடத்தைக் காக்கச் சட்டம் போதும். தீயின் நிறங்கண்டு வெப்பம் அறியும் சூளையாளரின் பயிற்சியையோ தொடர்ந்த பயன்பாடே காக்கும். அப்பயிற்சி அறுபடின், எஞ்சுவது செங்கற் குடைவு மட்டுமே.