பீடித் தொழிலும் புகையிலை வரியும்

பீடி என்பது புகையிலைத் தூளைப் பீடி இலையில் வைத்துச் சுருட்டி, நூலால் கட்டப்படும் புகைபொருள். இந்தியாவில் சிகரெட்டைவிடப் பீடி புகைப்போரே அதிகம். 2016–17 தேசியக் கணக்கெடுப்பின்படி பெரியவர்களில் 7.7% பேர் பீடியும் 4% பேர் சிகரெட்டும் புகைத்தனர். பீடி புகைப்போரில் பெரும்பாலோர் உடலுழைப்பால் வாழும் ஏழைகள்.

வேலைவாய்ப்பு

பதிவு பெற்ற பீடித் தொழிலாளர்கள் ஏறத்தாழ 50 லட்சம் பேர். பெரும்பாலோர் வீட்டிலிருந்தே பீடி சுற்றும் பெண்கள். தமிழகத்தில் திருநெல்வேலி, தென்காசி, வேலூர் வட்டாரங்களில் இத்தொழில் வேரூன்றியுள்ளது. பெண்கள் பீடிக் கடையில் இலையும் தூளும் வாங்கிவந்து, சுற்றிய கட்டுகளைத் திருப்பித் தருவர். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பது கணக்கு. தூளால் இருமலும் மூச்சிரைப்பும், குனிந்தே அமர்வதால் முதுகுவலியும் வரும். 1966, 1976 ஆம் ஆண்டுகளின் பீடித் தொழிலாளர் சட்டங்கள் பணிப் பாதுகாப்பும் நலநிதியும் வழங்கின. நலநிதிக்கான தீர்வை 2017இல் நீக்கப்பட்டது.

உற்பத்தித்திறன் இழப்பு

2017இல் பீடியால் நேர்ந்த நோய், இறப்புகளின் பொருளாதாரச் செலவு சுமார் 80,550 கோடி ரூபாய், அதாவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.5% என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அதில் ஐந்தில் ஒரு பங்குதான் மருத்துவம் சார்ந்த நேரடிச் செலவு. மற்றது நோயால் வேலைக்குப் போக முடியாத நாட்களும் அகால மரணமும் பறித்த வருவாய். குடும்பத்தின் ஒரே சம்பாத்தியம் நின்றுபோவதே இதன் கொடிய வடிவம்.

வரி

வேலையிழப்பைக் காரணம் காட்டிப் பீடிக்கு நெடுங்காலமாகக் குறைந்த வரியே விதிக்கப்பட்டது. 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது சிகரெட்டுக்கு 28 விழுக்காட்டுடன் இழப்பீட்டுத் தீர்வையும் சேர்ந்தது. பீடிக்கு 28 விழுக்காடு மட்டுமே. 2025 செப்டம்பரில் சரக்கு மற்றும் சேவை வரி மன்றம் பீடிக்கு 18 விழுக்காடும் சிகரெட்டுக்கு 40 விழுக்காடும் என முடிவெடுத்தது. குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளில் புகையிலை விலை 10% உயர்ந்தால் நுகர்வு சுமார் 5% குறைகிறது. புகைப்பதைக் கைவிடுவோரிடம் மிச்சமாகும் பணம் உணவு, துணி, கல்வி என வேறு பொருட்களுக்குச் செல்வதால் அங்கே வேலைகள் உருவாகின்றன. பெரும்பாலான நாடுகளில் மொத்த வேலைவாய்ப்பு இதனால் குறையாது என்று உலக வங்கி 1999இல் கூறியது.

ஆனால் புதிய வேலை, பீடி சுற்றும் பெண்ணின் ஊரிலேயே தானாக வந்துவிடாது. ஆகவே வரியை உயர்த்தி, அவ்வருவாயில் ஒரு பகுதியை அவருடைய மாற்றுத் தொழிலுக்கும் மருத்துவத்துக்கும் ஒதுக்குவதே நியாயமான கொள்கை.