சுவரில் தொங்கிய உலகம்

ஊரையும் உலகையும் தாளில் எழுதிச் சுவரில் நிலைபெறச் செய்து கண்டு மகிழும் வழக்கம், பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் மேனாட்டில் பெரிதும் பரவியிருந்தது. அக்காலத்து அச்சுப்பொறியில் ஒருமுறைக்குச் சிறிய தாளொன்றே ஏறும். ஆதலின் பெரிய நிலப்படத்தைப் பல தாள்களில் அச்சிட்டு, ஓரம் பொருந்த இணைத்து, மாப்பசை தடவி லினன் துணிமேல் ஒட்டினர். மேலும் கீழும் மரக்கோல் கோத்துத் தொங்கவிட்டனர். தூசும் ஈரமும் அணுகாதிருக்க வார்னிஷ் பூசுவதும் உண்டு.

நிலைத்திருக்கவேண்டுமெனச் செய்த இவ்வேற்பாடே அப்படங்களுக்குக் கூற்றாயிற்று! வார்னிஷ் நாளடைவில் பழுப்பேறி வெடித்தது. பசையை நாடிப் பூச்சிகள் வந்தன. கணப்பின் புகையும் சாளரத்து வெயிலும் எஞ்சியதை அழித்தன. ஹாலந்து ஓவியர் வெர்மீர் (1632–1675) தம் ஓவியங்களிற் பின்சுவரில் தீட்டிய நிலப்படங்கள் சிலவற்றின் அச்சுப்படிகள் இன்று கிடைத்தற்கரியன. ஓவியத்துச் சுவரில் அவை வாழ்கின்றன. உண்மைச் சுவரில் மாண்டன.

இதற்குச் சிறந்த சான்று 1507-ஆம் ஆண்டில் மார்ட்டின் வால்ட்சேமுல்லர் வெளியிட்ட உலகப்படம். பன்னிரண்டு தாள்கள் சேர்ந்து ஏறக்குறைய எட்டடி அகலமும் நாலரையடி உயரமும் கொண்ட அப்படத்திலேதான் 'அமெரிக்கா' என்னும் பெயர் முதன்முதல் பொறிக்கப்பெற்றது. ஆயிரம் படிகள் அச்சாயின என்பர். எஞ்சியது ஒன்றே. அதுவும் சுவரேறாதது! நியூரம்பர்க் அறிஞர் யோஹான்னஸ் ஷோனர் அத்தாள்களை ஒட்டாமல் ஏடாகக் கட்டிவைத்தார். 1901-இல் தென்ஜெர்மனியின் வொல்ஃபெக் கோட்டையில் யோசேப் ஃபிஷர் என்னும் பாதிரியார் அவ்வேட்டைக் கண்டெடுத்தார். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அப்படத்தை ஒருகோடி டாலர் விலையில் 2003-இல் பெற்றது. ஆர்கான் வாயு நிரப்பிய பேழையில், மங்கிய ஒளியில், 2007 முதல் அது மக்கள் காட்சிக்கு வைக்கப்பெற்றுள்ளது. சுவரைத் தவிர்த்து நானூறு ஆண்டு பிழைத்த படம், தக்க காப்புடன் மீண்டும் கண்காண வந்தது.

நம் இல்லங்கள் சிலவற்றிலும் பாட்டனார் காலத்துப் பெட்டியடியில், ஆந்திரப் பகுதிகளும் மலபாரும் அடங்கிய பழைய சென்னை மாகாணப் படம் மடிந்து கிடத்தல் கூடும். 1953-இலும் 1956-இலும் எல்லைகள் மாறிய பின்னர் அப்படம் வெறுந்தாள் அன்று. நம் முன்னோர் எந்த ஊரிலிருந்து எவ்வழியே புறப்பட்டனர் என்பதற்குச் சாட்சி. அதனை ஆர்வத்தால் பலகையில் பிசின் தடவி ஒட்டிவிடாதீர், ஒட்டுநாடாவும் வேண்டா. பிசின் பற்றினால் பிரித்தெடுத்தல் அரிது. இன்றைய காப்பாளர்கள் தூய கோதுமை மாவுச்சத்துப் பசையையும் நீண்ட நாருடைய ஜப்பானியத் தாளையும் கையாள்வதன் காரணம், வேண்டும்போது நீரால் நெகிழ்த்திப் பிரிக்கலாம் என்பதே. மூலத்தை மடிப்பு நீக்கித் தட்டையாக உறையிலிட்டு வையுங்கள். அதன் நிழற்படப் படியொன்றைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டுங்கள். குழந்தைகள் நாள்தோறும் படியைக் கண்டு ஊர்ப்பெயர் கற்கட்டும். மூலம் அவர்தம் பேரர்க்கும் எஞ்சட்டும்.