மாஸ்க் தொட்டிக்கு முன்னால் ஒரு படிக்கம் இருந்தது

நம் லிஃப்ட் பக்கத்து மூலையில் ஒரு மஞ்சள் தொட்டி நிற்கிறதே, கவனித்திருப்பீர்கள். "பயன்படுத்திய முகக்கவசங்களை இங்கே போடவும்" என்ற ஸ்டிக்கர் பாதி கிழிந்துவிட்டது. இப்போது அதில் மழைக்காலத்தில் குடைதான் நிற்கிறது. சென்ற கூட்டத்தில் ஒருவர் கேட்டார்: "கிளினிக்கிலும் மஞ்சள் தொட்டி, இங்கேயும் மஞ்சள் தொட்டி. இரண்டும் ஒன்றா?" அன்று யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்விக்காகத்தான் இந்தக் கட்டுரை.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். வேலை செய்யும் இடத்தில் ஒருவரின் மூச்சும் எச்சிலும் அடுத்தவரைத் தாக்காமல் இருக்க ஒரு பாத்திரம் வைக்க வேண்டும் என்ற சட்டம் 2020-இல் பிறந்ததல்ல. 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 20-ஆம் பிரிவு முழுக்கப் படிக்கத்தைப் பற்றியது. பாட்டி வீட்டில் வெற்றிலை துப்ப வைத்திருந்தார்களே, அதே படிக்கம். ஒவ்வொரு தொழிற்சாலையிலும் போதுமான எண்ணிக்கையில், வசதியான இடங்களில், சுத்தமாக வைக்க வேண்டியிருந்தது. அதில் தவிர வேறெங்கும் துப்பக் கூடாது என்று பலகை மாட்ட வேண்டியிருந்தது. மீறித் துப்பினால் அபராதம் ஐந்து ரூபாய்க்கு மிகாமல்! 1882-இல் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்த பிறகு, காய்ந்த சளியின் தூசியில் நோய் பரவுகிறது என்று உலகமே பயந்தது. அந்தப் பயம் நம் ஊர்த் தொழிற்சாலை வாசல் வரை வந்து ஒரு சட்டப் பிரிவாக உட்கார்ந்தது. ஆனால் நிறைந்த படிக்கத்தைக் கழுவுகிறவர் கையில் என்ன போட்டுக்கொள்ள வேண்டும் என்று அந்தப் பிரிவில் ஒரு வார்த்தை கிடையாது.

கையுறையும் மாஸ்க்கும் அந்தக் காலத்தில் குப்பையே இல்லை. 1910-11 மஞ்சூரியப் பிளேக்கின்போது பினாங்கில் பிறந்த டாக்டர் வூ லியன்-டே பரப்பிய மாஸ்க், பஞ்சும் காஸ் துணியும். ரப்பர் கையுறைகளை மருத்துவமனைகள் கொதிக்க வைத்து, பவுடர் போட்டு, மறுபடி பயன்படுத்தின. 1960-களில் ஒருமுறை போட்டுத் தூக்கி எறியும் கையுறை வந்தது. அதை எங்கும் கட்டாயமாக்கியது எச்ஐவி பயம். இந்தியாவில் அந்தக் கிருமி முதன்முதலில் கண்டறியப்பட்டது நம் சென்னையில்தான். 1986-இல், மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில், டாக்டர் சுனிதி சாலமன் குழுவினரால். தூக்கி எறிவது பெருகியதும் எங்கே எறிவது என்ற கேள்வி வந்தது. 1998-இல் மருத்துவக் கழிவு விதிகள் வந்தன, 2016-இல் புதுப்பிக்கப்பட்டன. மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்ற நிறங்கள் அந்த விதிகளுக்குச் சொந்தம். அவை மருத்துவமனைக்கும் கிளினிக்குக்கும் லேபுக்கும் உரியவை. துறைமுகத்து கிளியரிங் ஆபீசுக்கும் லேத் பட்டறைக்கும் யாரும் அப்போது யோசிக்கவில்லை. யோசிக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

பிறகு 2020. ஏப்ரல், மே மாதங்களில் மாநகராட்சி தினமும் வெளியிட்ட மண்டலவாரிப் பட்டியலில் ராயபுரம் பல நாட்கள் முதலிடத்தில் இருந்ததை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டோம். ஒரே மாதத்தில் ஆபீஸ், ரேஷன் கடை, மீன் ஏலக்கூடம், வங்கி என்று எல்லா இடத்திலும் மாஸ்க் குப்பை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மார்ச் முதல் வழிகாட்டுதலைத் திருத்தித் திருத்தி வெளியிட்டது. ஜூலை 17 பதிப்பு சாதாரண அலுவலகங்களுக்கும் கடைகளுக்கும் சொன்னது எளிமையானது: தனித் தொட்டியில் போடுங்கள், மூன்று நாள் வையுங்கள், பிறகு வெட்டி, உலர் குப்பையோடு சேருங்கள். வீடுகளுக்கும் ஏறக்குறைய அதேதான்; காகிதப் பையில் 72 மணி நேரம்.

ஏன் 72? பிளாஸ்டிக்கிலும் ஸ்டீலிலும் வைரஸ் 72 மணி நேரம் வரை உயிரோடு இருந்ததாக மார்ச் மாதம் ஓர் அமெரிக்க ஆய்வு சொல்லியிருந்தது. ஹாங்காங் ஆய்வு ஒன்றோ சர்ஜிகல் மாஸ்க்கின் வெளிப்பக்கத்தில் ஏழாம் நாளும் கிருமியைக் கண்டது. ஆக மூன்று நாள் என்பது முழு உத்தரவாதம் அல்ல; ஓர் ஆபீஸ் கடைப்பிடிக்கக்கூடிய அளவு என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். வெட்டச் சொன்னதற்குக் காரணம் மறுவிற்பனை. வீண் பயம் என்று நினைத்தவர்களுக்கு 2021 ஏப்ரலில் பதில் கிடைத்தது. மகாராஷ்டிரத்தின் ஜல்காவில், பஞ்சுக்குப் பதில் பழைய மாஸ்க்கை மெத்தைக்குள் அடைத்த ஆலை ஒன்று போலீசிடம் பிடிபட்டது.

நாம் என்ன செய்தோம்? தொட்டி நிறைந்தால் அன்றே கொட்டினோம். கத்தரிக்கோல் வைத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. நான் வேலை பார்த்த இடத்திலும் இதே கதைதான். டீ கப்போடு மாஸ்க்கும் சேர்ந்து காலை வண்டியில் போனது. அது மஞ்சள் தொட்டியிலிருந்து வந்ததால் மருத்துவக் கழிவு மையத்துக்குப் போயிற்று என்று நாம் நினைத்துக்கொண்டோம். அப்படி இல்லை. வடசென்னை மண்டலங்களின் குப்பை போகும் கொடுங்கையூருக்குத்தான் போயிற்று. வண்டியில் கையால் பிரித்தவர் தூய்மைப் பணியாளர். கொடுங்கையூரில் கிளறியவர் பிளாஸ்டிக் பொறுக்குபவர். அந்த மாஸ்க்கும் பிளாஸ்டிக்தான். துணி போலத் தெரிந்தாலும் அது பாலிபுரோப்பிலீன், மக்காது. வினைல் கையுறையோ பிவிசி. தெருமுனையில் எரித்தால் நச்சுப் புகை.

நம் பகுதிக்கு இன்னொரு வகைக் கையுறையும் உண்டு. மற்ற ஊர்களில் இதைப் பற்றிப் பேசமாட்டார்கள். 2017 ஜனவரி 28-இல் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி, எண்ணெய் எர்ணாவூர் கரைக்கு வந்தது. கல்லூரி மாணவர்களும் தொழிலாளர்களும் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் மறுபடி எண்ணெய்; மீனவர்கள் ஆரம்பத்தில் வெறும் கையால் அள்ளினார்கள். கிளவுஸ் கிடைத்தவர்களுக்கு அது கழற்றும்போது கறுப்பாகியிருந்தது. எண்ணெய் ஊறிய அந்தக் கிளவுஸை மூன்று நாள் காத்திருந்து உலர் குப்பையில் போட முடியாது. எத்தனை நாள் ஆனாலும் எண்ணெய் எண்ணெய்தான். 2016 அபாயக் கழிவு விதிகளின் அட்டவணையில், மாசுபட்ட பஞ்சும் துடைக்கும் துணியும் தனி வகையாகவே இருக்கின்றன. தொழிற்சாலை அதைப் பதிவு செய்து, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருப்பது போன்ற அபாயக் கழிவு மையத்துக்கு அனுப்ப வேண்டும். மணலியில் பெரிய ஆலைகளுக்கு இது தெரியும். திருவொற்றியூர் சந்துப் பட்டறையில் கிரீஸ் கிளவுஸ் இன்றும் டீ கப்போடுதான் போகிறது.

ஆகவே ஒரே கிளவுஸுக்கு மூன்று பாதை. பிரியாணிக் கடையில் போட்டதும் ஆபீசில் போட்டதும் உலர் குப்பை. சுற்றித் தனியாகக் கொடுத்தால் போதும். நம் கீழ்த்தளத்துப் பல் மருத்துவர் போட்டது மருத்துவக் கழிவு. அவருக்குத் தனி வண்டி வருகிறது, நம் தொட்டியைத் தொடக் கூடாது. பெயின்ட், தின்னர், எண்ணெய் பட்டதைப் பட்டறைக்காரர் கையிலேயே திருப்பிக் கொடுங்கள். வீட்டில் நோயாளிக்குக் கட்டுப் போட்ட துணியும் ஊசியும் 2016 திடக்கழிவு விதிகளில் வீட்டு அபாயக் கழிவாக இருந்தன. ஈரக் குப்பையிலும் உலர் குப்பையிலும் போடாமல் தனியாகச் சொல்லிக் கொடுங்கள்.

மஞ்சள் தொட்டியைச் செயற்குழு அடுத்த ஞாயிறு எடுக்கிறது. அதில் இரண்டு குடைகள் இருக்கின்றன. ஒன்று நீலம், கைப்பிடி உடைந்தது. உங்களுடையதானால் சனிக்கிழமைக்குள் வாட்ச்மேனிடம் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.