திண்டுக்கல்லின் ஆங்கில ஸ்பெல்லிங்: ஒரு வரலாற்று நோக்கு

திண்டுக்கல் என்ற பெயரை ஆங்கிலத்தில் டி, ஐ, என், டி, ஐ, ஜி, யு, எல் என்று எட்டு எழுத்துகளில் எழுதுகிறோம். இரண்டு டி-யும் ஆங்கில வரிசையின் நான்காம் எழுத்து. இருபதாம் எழுத்தையும் தமிழில் டி என்றே எழுதுவதால் இதைச் சொல்லிவிட வேண்டியிருக்கிறது. இந்த எட்டு எழுத்துகளைப் படித்து ஊரின் பெயரைச் சரியாகச் சொல்ல வெளியூர்க்காரரால் முடியாது. கம்பெனிக் காலத்தார் தமிழ்ப் பெயர்களை எழுதியபோது செய்த பிழையும், இன்று அதே ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் ஆங்கிலச் சொற்களில் செய்யும் பிழையும் ஒரே வகையைச் சேர்ந்தவை என்பது இக்கட்டுரையின் வாதம். கேட்கும் காதும் எழுதும் கையும் வெவ்வேறு மொழியில் பழகியவை. பிழை அங்கிருந்துதான் வருகிறது.

முதலில் மெய்யெழுத்துகள். வல்லினம் சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் வன்மையாகவும், மெல்லினத்தை அடுத்தும் உயிர்களுக்கு நடுவிலும் மென்மையாகவும் ஒலிக்கும். தமிழருக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஐரோப்பியருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. 1856-இல் வெளிவந்த தம் ஒப்பிலக்கண நூலில் கால்டுவெல் இதை ஒரு விதியாகவே வகுத்தார். அந்த விதியை வைத்துப் பார்த்தால் திண்டுக்கல்லில் தகரம் வன்மை, டகரம் மென்மை, ககரம் இரட்டித்ததால் வன்மை. ஆங்கில வடிவமோ மூன்றையும் மென்மையாக்கிவிட்டது. மூன்றில் ஒன்றுதான் தேறுகிறது.

இதற்குத் திண்டுக்கல் கோட்டையின் வரலாறு ஒரு காரணம் என்றே கருதுகிறேன். நாயக்கர் ஆட்சியில் இருந்த ஊர் பின்னர் மைசூரின் கைக்குப் போனது. 1755-இல் ஹைதர் அலி இங்கே ஃபௌஜ்தாராக (படைத் தளபதியாக) வந்தார். (லண்டனில் சாமுவேல் ஜான்சனின் அகராதி வெளிவந்து ஆங்கில ஸ்பெல்லிங்குக்கு ஒரு நிலைத்த வடிவம் கொடுத்ததும் அதே ஆண்டில்தான்.) 1790-இல் கோட்டையைப் பிடித்த ஆங்கிலேயருக்கு 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை இந்தப் பகுதியை உறுதி செய்தது. தெலுங்கிலும் கன்னடத்திலும் வன்மைக்கும் மென்மைக்கும் தனித்தனி எழுத்துண்டு. அந்த மொழிகளின் வழியாக வந்த உச்சரிப்பே ஆங்கிலக் கணக்கில் ஏறியிருக்க வேண்டும். பக்கத்து வத்தலக்குண்டு ஆங்கிலத்தில் ‘பட்லகுண்டு’ ஆனதும் இதனோடு ஒத்துப்போகிறது. அங்கும் ‘க்கு’வின் இடத்தில் ஜி உட்கார்ந்திருக்கிறது, வகரமோ ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்தாகிவிட்டது. அந்த எழுத்து தமிழுக்கே திரும்பியும் வந்தது: வத்தலக்குண்டில் பிறந்த எழுத்தாளர் பி. எஸ். ராமையாவின் முதல் ‘பி’ அந்த ஊர்தான்.

அடுத்தது கடைசி அசை. ‘கல்’ என்பதற்கு ஏன் யு? ஆங்கிலத்தில் ‘கட்’, ‘பட்’, ‘சன்’ ஆகிய சொற்களில் அகரம் போன்ற ஒலிக்கு யு எழுதுவதே வழக்கம். 1830-களில் பழனி மலைகளைப் பற்றி எழுதிய தாவரவியலர் ராபர்ட் வைட், பழனியின் பகரத்தையும் அம்மலைகளின் மறுபெயரான வராககிரியின் வகரத்தையும் யு இட்டே எழுதினார். குறில் அகரத்துக்கு ஏ எழுதும் முறையை மொழியறிஞர் வில்லியம் ஜோன்ஸ் 1788-லேயே முன்வைத்திருந்தார். 1870-களில் அரசு அதிகாரி ஹண்டர் அதைத் தழுவி அரசுக்கான முறை ஒன்றை வகுத்தார். பழனியில் யு போய் ஏ வந்தது. ஆனால் பரவலாகப் பழகிவிட்ட பெயர்களில் கைவைக்க வேண்டாம் என்று விலக்கும் இருந்தது. திண்டுக்கல்லின் யு அப்படித் தப்பித்தது.

இனி வகுப்பறை. ‘சன்’ என்பதற்கு யு போடாமல் ஏ போடும் பிள்ளை, தெரியாமலேயே ஜோன்ஸின் கட்சியில் நிற்கிறது. சிவப்பு மை வாங்கினாலும் அதன் தர்க்கம் பிசகவில்லை. இரட்டிப்பில்தான் சிக்கல் இன்னும் ஆழம். தமிழில் இரட்டித்தால் ஒலியே மாறும்: பாடம் வேறு, பாட்டம் வேறு. ஆங்கிலத்தில் இரட்டிப்பு பெரும்பாலும் காதில் விழாது. முன்னால் உள்ள உயிர் குறில் என்று கண்ணுக்குச் சொல்லும் குறி அது. தாவுதலைக் குறிக்கும் ‘ஹாப்’ விகுதி ஏற்கும்போது இன்னொரு பி வாங்குகிறது. நம்பிக்கையைக் குறிக்கும் ‘ஹோப்’ தன் கடைசி எழுத்தை இழந்து ஒற்றைப் பி-யோடு நிற்கிறது. தமிழ்ப் பிள்ளையோ ‘ரைட்டிங்’ என்று எழுதிப் பழகியது. வன்மையைக் காட்டத் தமிழுக்கு ‘ட்ட’ தேவை. அதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் எழுதுதல் என்ற சொல்லில் இரண்டு டி வந்துவிடுகிறது. ‘பிகினிங்’ என்று ஒற்றை னகரத்தோடு பழகியதால் அங்கே வேண்டிய இரண்டாவது என் விடுபடுகிறது. நிலக்கோட்டையின் ‘க்க’வை ஒற்றைக் கே ஆக்கிய எழுத்தரும் இதைத்தான் எதிர்த்திசையில் செய்தார். அவர் காதில் இரட்டிப்பு விழவில்லை. ஸ்பெல்லிங்கை மனப்பாடமாக மட்டும் கற்பிப்பவர்கள் இந்த வேறுபாட்டை ஒரு பாடவேளை விளக்கினாலே பாதிச் சிவப்பு மை மிச்சமாகும்.

திருத்தும் முயற்சி கடைசியாக அரசிடமிருந்தே வந்தது. 2020 ஜூனில் வெளியே தெரியவந்த தமிழக அரசின் ஆணை, 1,018 ஊர்களின் ஆங்கில வடிவத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றியது. திண்டுக்கல் டி-எச் (இங்கே டி இருபதாம் எழுத்து) என்று தொடங்கி, இரண்டு கே பெற்று, கடைசி யு-வுக்குப் பதில் ஏ பெற்றது. கால்டுவெல் விதியும் ஜோன்ஸ் முறையும் ஒருசேர நிறைவேறின என்று சொல்லலாம். ஆனால் அதே பட்டியல் வேலூரின் ஏகாரத்துக்கு இரட்டை இ போட்டது. ஆங்கிலம் படித்தவர் அதை ‘வீலூர்’ என்றுதான் படிப்பார். ஓர் எழுத்துக்கு ஓர் ஒலி என்று நம்பும் ஆறாம் வகுப்புப் பிழை அரசாணையிலும் ஏறிவிட்டது. மொழியறிஞர்கள் குறை சொன்னார்கள், சமூக ஊடகங்கள் கேலி செய்தன. ஜூன் 18-ஆம் தேதி ஆணை திரும்பப் பெறப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு, 2019-இல், திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருந்தது. அந்தப் பதிவேட்டில் ஊரின் பெயர் பழைய எட்டு எழுத்துகளிலேயே இருக்கிறது.